கல்லறையில் ஒரு ஜான், ஊர்ப் பதிவேட்டில் இரண்டு ஜான்: மருமகன் வழி வம்சாவளிக்கு உதவி வேண்டும்

வடசேரி டீச்சர்:

எல்லாருக்கும் வணக்கம். நான் நாகர்கோவில் வடசேரியில் இருக்கிறேன். முப்பத்திரண்டு வருஷம் பள்ளிக்கூடத்தில் வரலாறு எடுத்துவிட்டு ஓய்வு பெற்றவள். மகள் அமெரிக்காவில், மாசசூசெட்ஸ் மாநிலத்தில் இருக்கிறாள். மருமகன் அந்த ஊர்க்காரர், வெள்ளைக்காரப் பையன். பேரனுக்குப் பத்து வயது. பள்ளியில் குடும்ப மரம் வரைந்து கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள்.

அம்மா வழிக் கட்டங்களை நானும் அவனும் வீடியோ காலில் உட்கார்ந்து ஒரே ராத்திரியில் நிரப்பிவிட்டோம். மிஷனரி ரிங்கல்தௌபே ஐயர் 1806இல் மயிலாடிக்கு வந்தார், 1809இல் அங்கே கிறிஸ்தவக் கோயில் எழும்பியது. அந்தச் சபையில் ஞானஸ்நானம் எடுத்த எங்கள் மூத்த பாட்டாவிலிருந்து எண்ணினால் பேரன் எட்டாவது தலைமுறை. பாட்டாவுக்கு அதற்கு முன்னால் என்ன பெயர், அவருடைய அப்பா யார் என்பது எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. பதிவேட்டில் புதுப் பெயர் மட்டும்தான் இருக்கிறது. அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டோம்.

மருமகனுக்கோ தாத்தாவின் அப்பா பெயர் வரைதான் தெரியும். ‘நீங்கள்தானே ஹிஸ்டரி டீச்சர்’ என்று என்னிடம் விட்டுவிட்டார். போன வருஷம் அங்கே மூன்று மாதம் இருந்தேன். அப்போது தொடங்கினேன்.

1850 வரைக்கும் பின்னால் போவது கஷ்டமாக இல்லை. அந்த வருஷக் கணக்கெடுப்பில்தான் முதல் தடவையாக வீட்டில் இருந்த ஒவ்வொரு சுதந்திர மனிதரின் பெயரையும் எழுதினார்கள். 1790இலிருந்து 1840 வரை குடும்பத் தலைவர் பெயர் மட்டும் இருக்கும். மற்றவர்கள் இந்த வயதுக்குள் இத்தனை பேர் என்ற எண்ணிக்கைதான். அதற்கு முந்தின காலத்துக்கு, 1850 வரையிலான பிறப்பு, திருமணம், இறப்பு எல்லாவற்றையும் ஊர் ஊராக அச்சடித்த தொகுதிகள் மாசசூசெட்ஸில் இருக்கின்றன. அப்படி வொர்செஸ்டர் கவுண்டியில் (கவுண்டி என்றால் நம்ம ஜில்லா மாதிரி) மேட்டுப் பகுதி ஊர் ஒன்றில் 1788இல் பிறந்தவரைப் பிடித்தேன். அவருடைய அப்பா எபனேசர், 1751. அவருக்கும் அப்பா ஒரு எபனேசர், 1710. இந்த மூத்த எபனேசர் கடலோரத்தில், பிளிமத் கவுண்டியில் ஒரு சிற்றூரில் பிறந்து மேட்டுக்குப் போனவர். குடும்பப் பெயரை இங்கே போடவில்லை, மருமகனுக்கு விருப்பமில்லை.

அந்தக் கடலோர ஊர்க் கல்லறைத் தோட்டத்துக்கு மகள் காரில் அழைத்துப் போனாள். உள்ளே கால் வைத்ததும் எனக்கு உடம்பு சிலிர்த்தது. எபனேசர், சாமுவேல், மெர்சி, எலிசபெத் என்று வரிசையாக நம்ம சபைப் பெயர்கள். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் எனக்குப் பின்னால் உட்காரும் பையனும் எபனேசர்தான்.

நாங்கள் தேடிய கல் கறுப்புப் பலகைக் கல். இடுப்பு உயரம். மேலே சிறகு வைத்த ஒரு முகம். ‘மிஸ்டர் ஜான் இன்னாருடைய உடல் இங்கே கிடக்கிறது, பிப்ரவரி 9, 1738/9இல், தன் வயதின் 67ஆம் ஆண்டில் இறந்தார்’ என்று வெட்டியிருக்கிறது. பக்கத்திலேயே இன்னொரு கல்: மெர்சி, மிஸ்டர் ஜானின் கைம்பெண், 1751.

சிக்கல் இதுதான். 1738இல் 67 போனால் 1671. அந்த வருஷம் ஊர்ப் பதிவேட்டில் ஒரு ஜானும் பிறக்கவில்லை. எபனேசரின் பிறப்பு ‘ஜான் ஜூனியர், மெர்சி இவர்களின் மகன், 1710’ என்று இருக்கிறது. இணையத்தில் இருக்கிற மரங்களைப் பார்த்தால், நாற்பதுக்கும் மேற்பட்ட மரங்களில், இந்த ஜான் ஜூனியர் ‘சுமார் 1688’இல் பிறந்தவர், 1664இல் பிறந்த மூத்த ஜானுக்கும் ஹன்னாவுக்கும் மகன் என்று போட்டிருக்கிறார்கள். அந்த மூத்த ஜானின் அம்மா, 1620இல் இங்கிலாந்திலிருந்து குடியேற வந்தவர்களின் மேஃபிளவர் கப்பலில் வந்த ஒருவரின் பேத்தியாம். அந்தக் கப்பலில் வந்தவர்கள் 102 பேர். முதல் குளிர்காலத்திலேயே பாதிப்பேர் போய்விட்டார்கள். மிஞ்சியவர்களின் வாரிசு என்றால் அங்கே பெரிய விஷயம். சம்பந்தி அம்மாள் அதைச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்ட வேண்டும் என்று ஆசையாக இருக்கிறார்.

ஆனால் அதே பதிவேட்டில் இன்னொரு ஜானும் இருக்கிறார். சாமுவேல் என்பவரின் மகன், 1672, ஒன்பதாம் மாதம் 12. இவரை எந்த மரத்திலும் காணவில்லை.

ஜூனியர் என்றால் மகன்தானே? கல்லை நம்பவா, மரத்தை நம்பவா? பிள்ளை கையில் நான் கொடுப்பது தப்பாக இருக்கக்கூடாது.


கருங்கல்காரன்:

டீச்சர், வணக்கம். நான் கருங்கல். பதினான்கு வருஷமாக பாஸ்டன் பக்கத்தில் வேலை. சனிக்கிழமைகளில் பழைய கல்லறைத் தோட்டங்களுக்குப் போய் கற்களைப் படம் எடுத்து ஃபைண்ட் எ கிரேவ் தளத்தில் ஏற்றுவது என் வழக்கம். உங்கள் கேள்வியைப் பார்த்ததும் சோறு ஆறிப்போகிறது என்று வீட்டில் கூப்பிடக் கூப்பிட எழுதிக்கொண்டிருக்கிறேன்.

முதலில் வயது. ‘67ஆம் ஆண்டில்’ என்றால் நம்ம ஊரில் ‘அறுபத்தேழு நடப்பு’ என்கிறோமே, அது. 66 முடிந்து 67 நடக்கிறது. கழிக்க வேண்டியது 66.

அடுத்து அந்தச் சாய்கோடு. இங்கிலாந்திலும் அதன் காலனிகளிலும் 1752க்கு முன்னால் வருஷம் மார்ச் 25இல்தான் பிறக்கும். ஜனவரி, பிப்ரவரி எல்லாம் பழைய வருஷத்தின் வால். அதனால் குழப்பம் வராமல் இரண்டு வருஷத்தையும் எழுதுவார்கள். 1738/9 பிப்ரவரி என்றால் நம் கணக்கில் 1739 பிப்ரவரி. ஆக, இவர் பிறந்தது 1672 பிப்ரவரிக்கும் 1673 பிப்ரவரிக்கும் நடுவில்.

இப்போது உங்கள் இரண்டாவது ஜானைப் பாருங்கள். மார்ச் முதல் மாதம் என்றால் ஒன்பதாம் மாதம் எது? நவம்பர். செப்டம்பர் என்று எழுதிவிடாதீர்கள். 1672 நவம்பர் 12இல் பிறந்தவருக்கு 1739 பிப்ரவரி 9இல் 66 வயதும் கிட்டத்தட்ட மூன்று மாதமும். கச்சிதமாக உட்காருகிறது. 1688இல் பிறந்தவருக்கு ஐம்பதுதான் ஆகியிருக்கும்.

ஜூனியர் விஷயம்தான் நிறைய பேரை விழுத்தாட்டும் குழி. அந்தக் காலத்தில் ஜூனியர் என்றால் அதே பெயருள்ள இரண்டு பேரில் இளையவர், அவ்வளவே. மகனாக இருக்கலாம், தம்பி மகனாக இருக்கலாம், சொந்தமே இல்லாதவராகவும் இருக்கலாம். மூத்தவர் செத்தால் ஜூனியர் போய் வெறும் ஜான் ஆகிவிடுவார். மூன்றாவது ஒரு ஜான் வளர்ந்துவிட்டால் இவர் சீனியர். 1664 ஜானுக்கும் 1672 ஜானுக்கும் எட்டு வயதுதான் வித்தியாசம், ஆனாலும் இளையவர் ஜூனியர்தான்.

ஆனால் இதோடு முடித்துவிடாதீர்கள். கணக்கு ஒத்துவருகிறது, அவ்வளவுதான். கல்லறையில் இருப்பவரும் எபனேசரின் அப்பாவும் ஒரே ஆள் என்று இன்னும் ஆகவில்லை. ஊர்ப் பதிவேட்டின் மூலப் பக்கப் படத்தை எடுத்து, எபனேசர் வரியை மட்டும் பார்க்காமல் பக்கம் முழுக்க வாசியுங்கள். எழுத்தர்கள் பல ஊர்களில் ஒரு குடும்பத்துப் பிள்ளைகளைச் சேர்த்தே எழுதியிருப்பார்கள். ஃபேமிலிசெர்ச் தளத்தில் இலவசம், கணக்குத் தொடங்கினால் போதும். எழுத்து பழகக் கொஞ்ச நேரம் ஆகும்: எஃப் மாதிரி தெரிவது நீண்ட எஸ், ஒய், இ என்று இரண்டு எழுத்து வந்தால் அது ‘தி’தான்.

கல்லின் படம் இருந்தால் போடுங்கள்.


வடசேரி டீச்சர்:

தம்பி, நன்றி. அறுபத்தேழு நடப்பு! எங்கள் அம்மா கடைசிவரை அப்படித்தான் வயது சொல்வாள். அது எனக்கு உறைக்கவே இல்லை பாருங்கள்.

இரண்டு கல்லின் படமும் போட்டிருக்கிறேன். முதல் நாள் வெயில் நேரே விழுந்ததால் ஒரு எழுத்தும் தெரியவில்லை. மறுநாள் மகளின் பீரோக் கண்ணாடி ஒன்றைக் கழற்றிக் கொண்டுபோனோம். பேரன் பத்தடி தள்ளிப் பக்கவாட்டில் நின்று வெயிலைக் கல்லின்மேல் சரித்துப் பிடித்தான். வெட்டின குழியெல்லாம் நிழல் விழுந்து, எழுத்து ஒவ்வொன்றாகக் கறுத்து எழுந்து வந்தது. ‘ஆச்சி, ஒன்பது, ஒன்பது’ என்று அவன் அங்கிருந்தே கத்தினான்.


தக்கலை ஆதாரம் எழுத்து:

டீச்சருக்கு வணக்கம். அமெரிக்கா எனக்குத் தெரியாது. நாற்பது வருஷமாக ஆதாரம், அதாவது நிலப் பத்திரம், எழுதுகிறேன், பழைய ஆதாரம் வாசித்துக் கொடுக்கிறேன். அந்த அனுபவத்தில் ஒரு வார்த்தை.

நம்ம கன்னியாகுமரி ஜில்லா 1956 நவம்பர் 1இல்தான் தமிழ்நாட்டுப் பக்கம் சேர்ந்தது. அதற்கு முந்தின ஆதாரம் பெரும்பாலும் மலையாளத்தில், கொல்லம் ஆண்டு என்ற மலையாள வருஷக் கணக்கில் இருக்கும். கொல்லம் 1112 துலாம் மாதம் 27 என்றால் 1936 நவம்பர் 12, திருவிதாங்கூர்க் கோயில்களை எல்லாச் சாதி இந்துக்களுக்கும் திறந்த ஆலயப் பிரவேச விளம்பரம் வந்த நாள். அதே 1112 மகரம் என்றால் 1937. வருஷம் சிங்க மாதத்தில், அதாவது ஆவணியில், பிறப்பதால் டிசம்பர் முடிய 824 கூட்ட வேண்டும், ஜனவரியிலிருந்து 825. இது தெரியாமல் ஒரு வருஷம் பிசகி, வழக்கே திசை மாறினதைப் பார்த்திருக்கிறேன். அந்தத் தம்பி சொன்ன சாய்கோடு எனக்கு உடனே பிடிபட்டது.

அப்புறம், பெயரை வைத்து ஆளைப் பிடிக்கவே முடியாது. ஒரே ஊரில் மூன்று செல்லையன் இருப்பான், மூன்று பேருக்கும் அப்பா பெயர் வேலாயுதன் என்றுகூட அமையும். விளையின், அதாவது தோட்ட நிலத்தின், பெயரைக் கேட்டால் ஆள் தெரிந்துவிடும். இந்த விளை இவனுக்கு எப்படி வந்தது, நாலெல்லையில் யார், யார் சாட்சி போட்டான், எந்தப் பெண்டாட்டி கூட நின்றாள். மண் ஒரு கையிலிருந்து அடுத்த கைக்குப் போன வழியைப் பிடித்தால் அப்பன் தானாக வந்து நிற்பான். அங்கேயும் நிலம் வாங்கி விற்றிருப்பார்கள்தானே? அதைத் தேடுங்கள். அங்கே பெண்டாட்டி கையெழுத்து உண்டா என்று யாராவது சொல்லுங்கள்.


கருங்கல்காரன்:

சாரே, கும்பிட்டுக்கொள்கிறேன். நான் சொல்ல விட்டதை நீங்கள் சொல்லிவிட்டீர்கள். உண்டு. கணவன் செத்தால் அவன் நிலத்தில் மூன்றில் ஒரு பங்கை ஆயுள் வரை அனுபவிக்கும் உரிமை மனைவிக்கு இருந்தது. அதனால் நிலத்தை விற்கும்போது ‘என் மூன்றிலொரு பங்கு உரிமையை விட்டுத் தருகிறேன்’ என்று அவளும் கையெழுத்தோ தன் குறியோ போடுவாள். ஹன்னாவா மெர்சியா என்று அதிலேயே தெரியும்.

மாசசூசெட்ஸில் நிலப் பத்திரம் கவுண்டி அலுவலகத்தில் பதிவாகும். பக்கத்து மாநிலமான கனெக்டிகட்டில் ஊர் அலுவலகத்திலேயே. பிளிமத் கவுண்டி 1685இல் வந்தது, ஆகவே டீச்சரின் ஜான்கள் இருவரும் அங்கேதான். ஆனால் எபனேசர் போன வொர்செஸ்டர் கவுண்டி 1731இல்தான் உண்டானது. அதற்கு முன் அந்த மேட்டுப் பகுதி ஊர்களின் பத்திரங்கள் வேறு கவுண்டிப் புத்தகங்களில் இருக்கும். 1956க்கு முந்தின ஆவணத்துக்கு நாம் திருவனந்தபுரம் போகவில்லையா, அதுபோல.

உயிலையும் பாருங்கள் டீச்சர். 66 வயதில் இறந்த நிலக்காரர் சும்மா போயிருக்க மாட்டார்.


மயிலாடி கல்பட்டறை:

டீச்சர், நான் மயிலாடியில் கல்வேலை செய்கிறவன். அப்பா, பாட்டா எல்லாரும் இதே வேலை. எனக்கு இங்கிலீஷ் அவ்வளவு வராது. படத்தைப் பெரிதாக்கிக் கல்லை மட்டும் பார்த்தேன்.

இரண்டு கல்லும் ஒரே கை. எழுத்து வரிக்கு மேலும் கீழும் ஊசியால் கீறின கோடு இன்னும் அழியாமல் இருக்கிறது. இரண்டிலும் ஒரே இடைவெளி. ஏழு என்ற எண்ணின் கால் இரண்டிலும் இடது பக்கம் வளைந்து, முனையில் உளி ஒரு தட்டு அதிகம் விழுந்திருக்கிறது. ஓரத்தில் ஓடுகிற கொடியும் ஒரே கொடி. பின்னால் தெரிகிற இரண்டு மூன்று கல்லில் சிறகு வைத்த மண்டையோடு. உங்கள் இரண்டு கல்லில் மட்டும் சிறகு வைத்த முகம். பின்னால் உள்ள கற்கள் எந்த வருஷம்?

வருஷம் பன்னிரண்டு தள்ளியிருக்கிறது என்கிறீர்கள். எனக்குப் படுவது, அம்மா போனபிறகு பிள்ளைகள் இரண்டு கல்லையும் ஒன்றாக வெட்டச் சொல்லியிருக்கிறார்கள். என் பட்டறைக்கும் அப்படி வருவார்கள். கல்லறைத் திருநாள் நெருங்கும்போது அம்மாவுக்குக் கல் கேட்டு வந்து, ‘அப்பாவுக்கும் சேர்த்து அடித்துவிடு’ என்பார்கள். அப்பா செத்த தேதியை அண்ணன் ஒன்று சொல்வான், தங்கச்சி ஒன்று சொல்வாள். அதனால் அந்த 67ஐ மட்டும் பிடித்துத் தொங்க வேண்டாம்.

இன்னொன்று. பலகைக் கல் ஏடு ஏடாக உரியும். கம்பி பிரஷ், பிளீச்சிங் பவுடர் ஒன்றும் வேண்டாம். சாக்பீஸ், மாவு தேய்த்தும் படம் எடுக்க வேண்டாம். கண்ணாடி பிடித்தது நல்ல வேலை. பேரனிடம் சொல்லுங்கள்.


வடசேரி டீச்சர்:

தம்பி, பின்னால் உள்ளவை 1730களின் கற்கள். நீங்கள் சொன்னபிறகு படங்களை எல்லாம் வரிசையாக வைத்துப் பார்த்தேன். மண்டையோடு முதலில், முகம் பிறகு, 1800க்குப் பக்கத்தில் வந்தால் கலசமும் தொங்கும் வில்லோ மரமும். மூன்று மாதம் சுற்றினேன், இது என் கண்ணில் படவில்லை.


குளச்சல் மருமகள்:

டீச்சர், கோபித்துக்கொள்ள வேண்டாம். பத்து வயசுப் பிள்ளையின் ஸ்கூல் ப்ராஜெக்ட். நாற்பது பேர் போட்டிருக்கிற மரத்தையே வரைந்து கொடுத்தால் என்ன? சம்பந்தி அம்மாவுக்கும் சந்தோஷம். இவ்வளவு மெனக்கெட வேண்டுமா?


வடசேரி டீச்சர்:

கோபம் இல்லை அம்மா. நாற்பது பேர் போட்டது நாற்பது சாட்சி ஆகாது. ஒருவர் போட்டதை முப்பத்தொன்பது பேர் எடுத்துப் போட்டிருக்கிறார்கள். எல்லா மரத்திலும் அதே ‘சுமார் 1688’, அதே எழுத்துப்பிழைகூட. என் வகுப்பில் முன் பெஞ்சுக்காரனைப் பார்த்து எழுதினவர்களை அப்படித்தான் கண்டுபிடிப்பேன். நம்ம பக்கம் பாட்டாவுக்கு அப்பன் பெயரை நான் கற்பித்து எழுதவில்லை. அங்கே மட்டும் எழுதினால் பேரன் என்ன நினைப்பான்?


கருங்கல்காரன்:

டீச்சர் சொல்வது சரி. இந்த நாட்டில் இது பழைய வியாதி. குஸ்தாவ் அஞ்சூ என்று ஒருவர், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பணக்காரக் குடும்பங்களிடம் காசு வாங்கிக்கொண்டு பொய் வம்சாவளி தயாரித்துக் கொடுத்தார். இல்லாத உயிலும் இல்லாத ஞானஸ்நானமும் அதில் இருக்கும். அவர் உண்டாக்கியவற்றை இன்றைக்கும் நல்ல மனசோடு மரத்தில் ஒட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். ஃபைண்ட் எ கிரேவிலும் கவனம் வேண்டும். கல்லின் படம் சாட்சி. அதன் கீழே ‘பெற்றோர்’, ‘பிள்ளைகள்’ என்று இணைத்திருப்பது என்னைப்போல் யாரோ ஒருவர் தட்டியது.

மேஃபிளவர் வாரிசுகளுக்கு 1897இலிருந்து ஒரு சங்கம் இருக்கிறது. அதில் சேர வேண்டுமானால் ஒவ்வொரு தலைமுறைக்கும் ஆவணம் கேட்பார்கள். ‘சுமார்’ அங்கே செல்லாது.


வடசேரி டீச்சர்:

பத்து நாள் ஆகிவிட்டது, மன்னிக்கவும். நடுவில் இரண்டு நாள் கண் வலி. இப்போது உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலில் ஊர்ப் பதிவேட்டுப் பக்கம். கருங்கல் தம்பி சொன்னபடி முழுப் பக்கமும் வாசித்தேன். ‘ஜான் ஜூனியர், மெர்சி’ என்ற தலைப்பின் கீழ் ஏழு பிள்ளைகள். எபனேசர் ஆறாவது. மூத்தது ஒரு பெண், பிறந்தது 1699. ‘சுமார் 1688’இல் பிறந்தவருக்குப் பதினொரு வயதில் பிள்ளையா! அந்த நாற்பது பேரில் ஒருவரும் இந்தப் பக்கத்தைத் திறந்து பார்க்கவில்லை. இரண்டாவது பிள்ளையின் பெயர் சாமுவேல். அதைக் கண்டதும் எழுந்து போய் ஒரு தம்ளர் காப்பி போட்டுக் குடித்துவிட்டு வந்தேன்.

பிறகு தக்கலை சார் சொன்ன வழி. 1712இல் ஒரு பத்திரம். ஜான் ஜூனியர் ஒரு புல்வெளித் துண்டை விற்கிறார். ‘காலஞ்சென்ற என் தகப்பனார் சாமுவேலிடமிருந்து எனக்கு வந்தது’ என்று தெளிவாக இருக்கிறது. கடைசியில் மெர்சி தன் மூன்றிலொரு பங்கை விட்டுக்கொடுக்கிறாள். கைநாட்டு இல்லை, ஒரு சின்ன எம் எழுத்தைத் தன் குறியாகப் போட்டிருக்கிறாள். கிழக்கு எல்லையில் யார் தெரியுமா? மூத்த ஜான். சார், நாலெல்லையைப் பாருங்கள் என்றீர்களே! இரண்டு ஜானும் ஒரே வேலிக்கு இரு பக்கம் இருந்திருக்கிறார்கள். இனி இரண்டு பேரையும் ஒருவராக்கவும் முடியாது, அப்பன் மகன் ஆக்கவும் முடியாது.

மூத்த ஜான் 1727இல் இறக்கிறார். அதற்குப் பிறகு எந்தத் தாளிலும் நம்ம ஆளுக்கு ஜூனியர் இல்லை. கல்லில் வெறும் மிஸ்டர் ஜான் என்று இருப்பதன் காரணம் அதுதான்.

கடைசியாக உயில். இறப்பதற்கு மூன்று வாரம் முந்தி எழுதியது. எழுத்து நடுங்கவில்லை, யாரோ எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். கையெழுத்து மட்டும் கீழே சரிந்து போகிறது. சாமுவேலுக்கு வீடும் அதைச் சுற்றின நிலமும். எபனேசருக்கு மேட்டில் ‘அவன் இப்போது குடியிருக்கிற’ நிலம். நம் எபனேசர்தான், ஊர்ப் பெயரும் அதேதான். பெண் மக்களுக்குப் பணம். மெர்சிக்கு வருகிற இடத்தை நான் வரி வரியாகப் பெயர்த்து மகளுக்கு வாசித்துக் காட்டினேன்: அவள் உயிரோடு இருக்கும் காலம் வரை வீட்டின் கிழக்கு அறை, நிலவறையில் பாதி, அடுப்பில் ரொட்டி சுடும் உரிமை, கிணற்றுக்குப் போய்வரும் வழி. வருஷத்துக்குத் தேவையான விறகை வெட்டி, அவள் வாசலில் கொண்டுவந்து போடுவது சாமுவேலின் பொறுப்பு.

கிணற்றுக்குப் போய்வரும் வழி என்று வாசித்ததும் எனக்குத் தொண்டை அடைத்தது. எங்கள் அம்மாச்சி வீட்டுப் பாகப்பத்திரத்தில் ‘கிணற்றில் வெள்ளம் கோரும் அவகாசம்’, அதாவது தண்ணீர் எடுக்கும் உரிமை, என்று ஒரு வரி உண்டு. அம்மாச்சி அதை மட்டும் மனப்பாடமாகச் சொல்வாள். அந்த வரி இருந்ததால்தான் மாமாவோடு மனஸ்தாபம் வந்த வருஷத்திலும் அவள் குடம் எடுத்துக்கொண்டு நிமிர்ந்து நடந்தாள்.

மயிலாடித் தம்பி, மெர்சி இறந்த 1751இல் கல்லுக்குக் காசு கொடுத்தவர் யார் என்றும் பார்த்தேன். அவளுடைய சொத்துக் கணக்கில் ‘இரண்டு கல்லறைக் கற்களுக்கு’ என்று ஒரு வரி இருக்கிறது. உங்கள் கண் பொய் சொல்லவில்லை. கல்லை வெட்டச் சொன்ன பிள்ளைகளுக்கு அப்பாவின் வயது சரியாகவே ஞாபகம் இருந்திருக்கிறது.

மேஃபிளவர் இல்லை என்று சம்பந்தி அம்மாளிடம் நானே சொன்னேன். மகளிடம் விட்டால் சரியாக வராது என்று பட்டது. கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அவரும் கணவரை இழந்து, பெரிய வீட்டில் ஒற்றையாக இருக்கிறவர். அப்புறம் உயிலின் அந்தப் பகுதியை இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார். படத்தை அனுப்பி வையுங்கள் என்றார். அனுப்பியிருக்கிறேன்.

பேரனின் மரத்தில் சாமுவேலுக்கு மேலே உள்ள கட்டத்தை விட்டுவிட்டோம். மயிலாடிப் பாட்டாவுக்கு மேலே விட்டது போலவே, அதே பென்சிலில், புள்ளிக் கோடு போட்டு. ஜானுக்கும் மெர்சிக்கும் நடுவில் அவன் ஒரு கிணறு வரைந்திருக்கிறான், நம்ம ஊர்க் கிணறு, கப்பியோடு.

கருங்கல் தம்பி, ஒரு உதவி. அந்தக் கிணறு இன்னும் இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டே இருக்கிறான். 1712 பத்திரத்தின் நாலெல்லையும் பிறகு கைமாறின பத்திரங்களும் என்னிடம் 1790 வரை இருக்கின்றன. அதிலிருந்து இன்றைய மனை எண்ணுக்கு வர எந்த அலுவலகத்தில் கேட்க வேண்டும்? பனி உருகினதும் மகள் அவனை அழைத்துப் போகிறேன் என்றிருக்கிறாள்.